ரயிலிலும் பூங்காவிலும் சதுரங்கம்: எந்தப் பலகை, எந்த இடம்?

கேள்வி: விம்கோ நகர்த் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் சதுரங்கம் பழகத் தொடங்கியதிலிருந்து வீட்டில் என்னோடும் தாத்தாவோடும் விடாமல் ஆடுகிறாள். பாரிமுனைப் பக்கம் அவளுடைய பாட்டு வகுப்பு இருப்பதால், வாரத்தில் சில நாட்கள் நாங்கள் இருவரும் விம்கோ நகரிலிருந்து கடற்கரை நிலையம் வரை புறநகர் ரயிலில் போய்வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திருவொற்றியூர்க் கடலோரத்துக்கோ, பெரம்பூரில் என் அக்கா வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவுக்கோ செல்வது வழக்கம். அங்கெல்லாம் அவள் ஆட விரும்புகிறாள். கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றாலும், எந்நேரமும் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஓடும் ரயிலில் காய்கள் சரியாமல் ஆட எந்த வகைப் பலகை ஏற்றது? கைப்பேசியை அறவே ஒதுக்கிவிட வேண்டுமா? பூங்காவில் பலகையை விரித்தால் முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்காருவார்கள். சிறுமியை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கையாள்வது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பெரம்பூர்ப் பெரியவர்

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர், பெரம்பூரில் மாலை நேரங்களில் பூங்கா பெஞ்சில் பலகையை விரித்து ஆடுகிறோம். பலகையை விரித்ததும் ஆள் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். நம் வட சென்னையில் கேரம் எப்படி வளர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் தெருமுனையில் விளக்கைத் தொங்கவிட்டுப் பலகையைப் போட்டார்கள். நடந்துபோன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்து ஆடினார்கள். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன் ஆனதும், புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதும் இந்தப் பழக்கம் ஊறிய மண்ணிலிருந்துதான். சதுரங்கமோ நம் பகுதியில் இன்னமும் கட்டணம் கட்டிப் போகும் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் பூசினார்கள். அந்த உற்சாகம் நம் பூங்காக்களுக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நடமாட்டம் உள்ள பாதையை ஒட்டிய, விளக்கு வெளிச்சம் விழும் பெஞ்சாகத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் மகளுக்கு அருகிலேயே அமர்ந்திருங்கள். புதியவர் ஆட வந்தால் முதலில் நீங்கள் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். அவருடைய பேச்சும் பொறுமையும் அதற்குள் தெரிந்துவிடும். பந்தயம் என்று யாராவது பேச்செடுத்தால், தேநீருக்கான காசாக இருந்தாலும் சரி, அப்போதே பலகையை மடித்துவிடுங்கள்.

வேடிக்கை பார்ப்பவர்கள் யோசனை சொல்வார்கள். "குதிரையை எடும்மா, குதிரையை எடு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னால் குழந்தையின் சிந்தனை அறுந்துபோகும். பார்வையாளர் ஆட்டத்தைப் பற்றிப் பேசவோ அதில் தலையிடவோ கூடாது என்பது சர்வதேச விதியிலேயே இருக்கிறது. அதைச் சண்டையாக்காமல், "ஆட்டம் முடிந்ததும் சொல்லுங்கள் அண்ணா, எல்லோருமாகப் பேசலாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் மதிக்கிறார்கள். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதியையும் பூங்காவில் தளர்த்தாதீர்கள்.

பதில்: கொருக்குப்பேட்டைப் பயணி

நான் இதே தடத்தில் பல ஆண்டுகளாக வேலைக்குச் சென்றுவருகிறேன். ரயிலுக்கு ஏற்றது மடித்து வைக்கும் காந்தப் பலகைதான். ஆனால் மிகச் சிறியதை வாங்கிவிடாதீர்கள். உள்ளங்கை அளவுப் பலகைகளில் பிஷப்பும் சிப்பாயும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். பிஷப்பின் தலையிலுள்ள வெட்டு ரயில் பெட்டியின் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. போட்டிகளில் பயன்படும் பலகையின் கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கும், ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ.; அதை மடியில் வைக்க முடியாது. கட்டம் சுமார் 3 செ.மீ. உள்ள பலகை, மடியில் வைக்கவும் காய்களைக் கையாளவும் சரியாகப் பொருந்துகிறது. வாங்கும்போது கடையிலேயே பலகையைத் தலைகீழாகப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பாருங்கள். ராணியும் ராஜாவும் விழாமல் நின்றால் போதும். காயின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தத் துண்டு நாளாவட்டத்தில் கழன்றுவரும், ஒரு துளி பசை வைத்தால் சரியாகிவிடும். பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளில் பல அளவுகளில் கிடைக்கின்றன.

துளையில் குத்தி நிறுத்தும் காய்களைக் கொண்ட பலகைகளும் உண்டு. அவை இன்னும் உறுதியானவை என்றாலும் ஒவ்வொரு முறையும் காயைப் பிடுங்கி நடுவதற்கு நேரமாகிறது. இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி: 1970 ஜூன் 9 அன்று சோயுஸ் 9 விண்கலத்தில் இருந்த சோவியத் விண்வெளி வீரர்கள் நிக்கோலயெவும் செவஸ்தியானொவும் தரையில் இருந்தவர்களோடு ஓர் ஆட்டம் ஆடினார்கள், அது டிராவில் முடிந்தது. எடையற்ற நிலையில் காய்கள் மிதந்துவிடாமல் இருப்பதற்காக, காந்தமே இல்லாமல், பள்ளத்தில் பொருந்தி நகரும் காய்களோடு தனியாக ஒரு பலகை செய்துகொடுத்திருந்தார்கள்.

காலையிலும் மாலையிலும் அலுவலகக் கூட்டம் நெரியும் வண்டிகளில் பலகையை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. உட்கார இடமின்றி ஒருவர் நிற்கும்போது இருக்கையில் பலகையை வைத்திருப்பது முறையல்ல. இருவரும் எதிரெதிரே அமர இடம் கிடைக்கும் நேரத்தில், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கடற்கரை நிலையம் வருவதற்குள் பெரும்பாலும் ஆட்டம் முடிந்துவிடும். முடியாவிட்டால் பழைய போட்டிகளின் வழக்கத்தைப் பின்பற்றலாம். அடுத்து ஆட வேண்டியவர் தன் நகர்வைப் பலகையில் ஆடாமல் ஒரு தாளில் எழுதி மடித்து, உறையிலிட்டு ஒட்டிவிடுவார். திரும்பும் பயணத்தில் உறையைப் பிரித்து அந்த நகர்விலிருந்து தொடருவார்கள். கணினிகள் வலுப்பெற்ற பிறகு பெரிய போட்டிகளில் இந்த ஒத்திவைப்பு முறை மறைந்துவிட்டது, ஆனால் அப்பாவும் மகளும் ஆடும் ஆட்டத்துக்கு இதைவிடச் சுவையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. காய்களின் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: கொளத்தூர்ப் பயிற்றுநர்

முந்தைய இரண்டு பதில்களையும் மதிக்கிறேன், ஆனால் ரயிலில் முழு ஆட்டம் ஆடுவதில் எனக்கு உடன்பாடு குறைவு. குலுக்கலிலும் இரைச்சலிலும் பத்து நிமிடக் கெடுவோடு ஆடும் குழந்தை, யோசிக்காமல் காயை நகர்த்தப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாடு. ஆட்டத்தைப் பூங்காவுக்கு வைத்துக்கொண்டு, பயண நேரத்தைக் கணக்குகளுக்கு ஒதுக்கலாம். இரண்டு நகர்வில் மேட் செய்யும் (எதிராளியின் ராஜாவைத் தப்ப முடியாமல் மடக்கும்) கணக்கு ஒன்றைப் பலகையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, காயைத் தொடாமல் விடை சொல்லச் சொல்லுங்கள்.

பலகையே இல்லாமலும் ஆடலாம். பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்தும், கிடைவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணும் உண்டு; இரண்டையும் சேர்த்தால் ஒரு கட்டத்தின் பெயர். "எஃப்3 என்ன நிறம்?" என்று கேளுங்கள், வெள்ளை என்று அவள் தயங்காமல் சொல்லும் வரை ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுப் பழக்குங்கள். பிறகு, ஜி1-இல் நிற்கும் குதிரை எஃப்7-க்குப் போக எத்தனை நகர்வு வேண்டும் என்று கேளுங்கள். எஃப்3, ஜி5, எஃப்7 என்று மூன்றே நகர்வில் போய்விடலாம் என்பதை அவள் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கும் நாளில், பலகை அவள் மனத்துக்குள் வந்துவிட்டது என்று கொள்ளலாம். 2016-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற சதுரங்க வீரர் திமூர் கரேயெவ் பலகையைப் பார்க்காமலேயே ஒரே நேரத்தில் 48 பேரோடு ஆடினார். அந்த உயரம் நமக்குத் தேவையில்லை, ஆனால் நின்றுகொண்டே போகும் கூட்ட வண்டியில்கூட இந்தப் பயிற்சியைச் செய்ய முடியும்.

கைப்பேசியை அறவே ஒதுக்க வேண்டாம், ஆனால் எதற்கு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஓடும் ரயிலில் இணையத்தின் வழியே நேரடி ஆட்டம் வேண்டவே வேண்டாம். அலைவரிசை அறுந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். நன்றாக ஆடிய ஆட்டத்தை அப்படித் தோற்கும் குழந்தை மிகவும் மனம் உடைந்துபோகிறது. லிச்செஸ் என்ற சதுரங்கச் செயலி இலவசம், விளம்பரமும் கிடையாது; இணையம் இல்லாமலேயே கணினியோடு ஆடலாம், ஒரே கைப்பேசியை நடுவில் வைத்து இருவரும் ஆடலாம். ஒரு நகர்வுக்குச் சில நாட்கள் அவகாசம் தரும் ஆட்டமும் அதில் உண்டு. வெளியூரில் உறவுக்காரப் பிள்ளை யாராவது இருந்தால், அவரோடு அப்படி ஓர் ஆட்டத்தைத் தொடங்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை திரையைப் பார்த்தால் போதும்.

விம்கோ நகர்த் தந்தை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உறையிலிட்டு ஒட்டும் யோசனையைக் கேட்டதும் மகள் துள்ளிக் குதித்தாள். பயிற்றுநர் ஐயா சொன்னபடி, போகும்போது கணக்கும் திரும்பும்போது ஆட்டமுமாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று: கடலோரத்தில் காற்று பலமாக வீசும்போது எந்தப் பலகையைக் கொண்டுபோவது?

பதில்: பெரம்பூர்ப் பெரியவர்

சுருட்டி வைக்கும் ரெக்சின் பலகைதான் கடலோரத்துக்கு. காந்தப் பலகையின் உள்ளே இருப்பது இரும்புத் தகடு. உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். ரெக்சினை ஓர் அட்டையின் மேல் விரித்து நான்கு மூலைகளிலும் துணிக் கிளிப் மாட்டுங்கள். அடியில் எடை வைத்த பிளாஸ்டிக் காய்களாகக் கேட்டு வாங்கினால் சாதாரணக் காற்றுக்கு அசையாது. பெரம்பூர் வரும் ஞாயிறன்று முன்கூட்டியே இங்கே எழுதுங்கள், பேத்தி வயதுப் பிள்ளையோடு ஆட எங்கள் குழுவில் எல்லோருக்கும் விருப்பம்தான்; உங்களுக்கும் ஒரு பலகையைத் தனியாகப் போட்டு வைக்கிறோம்.