லடாக்கில் பனிச்சிறுத்தைக்காக ஒரு குளிர்காலம்: எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

மலைமுகடு:
எட்டு ஆண்டுகளாக ஆனைமலைப் பகுதியில் படம் எடுத்து வருகிறேன். வரும் பிப்ரவரியில் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் உள்ள ரும்பக் பள்ளத்தாக்கில் மூன்று வாரம் தங்க எண்ணியிருக்கிறேன். இரவில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிரில் கருவிகளைக் காப்பது எப்படி, 600 மி.மீ. லென்ஸ் போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

வெண்பாறை:
மூன்று குளிர்காலங்கள் அங்கே தங்கியிருக்கிறேன். லென்ஸ் போதும் நண்பரே. நல்ல உள்ளூர் வழிகாட்டி அமைவாரா என்பதைத்தான் முதலில் பாருங்கள். விடியும் முன்பே மேட்டில் ஏறி, எதிர்ச்சரிவை ஸ்பாட்டிங் ஸ்கோப் எனும் தொலைநோக்கியால் பாறை பாறையாகத் துழாவுவார். அவர் சரியான இடத்தில் ஸ்கோப்பை நிறுத்திக் காட்டிய பிறகும் எனக்கு வெகுநேரம் பாறைகளே தெரிந்தன. வால் நுனி ஒருமுறை புரண்டபோதுதான் அதில் ஒன்று விலங்கு என்று புலப்பட்டது. பனிச்சிறுத்தைக்கு இரையாகும் பரல் எனும் காட்டு ஆடுகள் மேய்ச்சலை விட்டு ஒரே திசையை வெறித்து நிற்பதையும், இரை கிடக்கும் இடத்தில் மேக்பை பறவைகள் கூடுவதையும் கவனிக்கப் பழகுங்கள். முதல் ஆண்டில் 19 நாள் காத்திருந்து ஒரே முறை கண்டேன், அதுவும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். பிப்ரவரி இணைசேரும் பருவம் என்பதால் பனிச்சிறுத்தைகள் குரல் கொடுத்தபடி முகடுகளில் திரியும். உங்கள் தேர்வு சரியானதே. லே நகரமே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம், ஆகவே அங்கே மூன்று நாள் சும்மா இருந்து உடலைப் பழக்காமல் மேலே ஏறாதீர்கள்.

பழையலென்ஸ்:
மாற்று பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடல் சூட்டிலேயே வைத்திருங்கள். அதைவிட முக்கியம், குளிர்காயும் புகாரி அடுப்பு எரியும் அறைக்குள் நுழையுமுன் வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பைக்குள் மூடிவிடுவது. ஒருமுறை அசதியில் இதை மறந்தேன். கண்ணாடியில் வியர்த்த ஈரம் மறுநாள் காலை உறைந்து, அரைநாள் வீணானது. இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது.

கற்சுவர்:
ஊர்க்காரர் வீட்டிலேயே தங்குங்கள். லடாக்கியர் ‘ஷான்’ என்றழைக்கும் இவ்விலங்கு பட்டிக்குள் புகுந்தால் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். அந்த ஆத்திரத்தில் அதைக் கொன்ற காலமும் உண்டு. பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போட்டதும், விருந்தினர் தங்குவதால் கிடைக்கும் வருமானமும் சேர்ந்துதான் நிலைமையை மாற்றின. 2024இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718, அதில் லடாக்கில் மட்டும் 477. நெருங்கிப் படமெடுக்க ஆசைப்பட்டு இரையிலிருந்து விலங்கை விரட்டிவிடுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன்; அப்படிக் கிடைக்கும் படத்தை என்னால் ரசிக்க முடிவதில்லை.

மலைமுகடு:
மூவருக்கும் நன்றி. 19 நாளுக்கு ஒரு முறை என்பதைப் படித்ததும் மூன்று வாரத்தை ஐந்தாக நீட்டிவிட்டேன். சிம் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. போஸ்ட்பெய்டுக்கு நாளையே மாற்றுகிறேன்.