மில்டூராவில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். மெல்பர்னிலிருந்து மில்டூராவுக்கு வேலை மாறுகிறேன். 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள 65 லட்சம் பேரில் 49 லட்சம் பேர் மெல்பர்னில்தான். அதனால் வடமேற்குக் கோடியிலுள்ள ஊரைப் பற்றிக் கேட்க இங்கே ஆள் இல்லை.

மர்ரே ஆறு, திராட்சைத் தோட்டம் எல்லாம் ஆசையாகத்தான் இருக்கிறது. என் கவலை அம்மாவின் ஆஸ்துமா. ஆண்டு மழை சராசரி 300 மி.மீ.கூட இல்லை, கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பார்த்த வீட்டில் ஏசி கிடையாது, கூரைமேல் தண்ணீரில் ஓடும் கூலர் மட்டும். வறண்ட காற்றுக்கு அதுவே போதுமா? புழுதி கிளம்பும் நாளில் அது வெளிக்காற்றைத்தானே உள்ளே இழுக்கும், அப்போது என்ன செய்கிறீர்கள்? குளிர்கால இரவுகளில் உறைபனியும் விழுமாமே, ஹீட்டர் எது நல்லது? வயதானவர்களோடு அங்கே இருப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.