எங்க அரசுப் பள்ளிக்கூடத்துக்கு புள்ளைங்க மனசு விட்டுப் பேச கவுன்சிலர் (மனநல ஆலோசகர்) வேணும், யார்கிட்ட எப்படிக் கேக்குறது?

கடலோரம்77:
வணக்கம், நான் பாம்பன் பக்கம். எங்க ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) மெம்பரா இருக்கேன், மக அங்கதான் எட்டாவது படிக்கிறா. பக்கத்து வீட்டுப் பையன் ஒம்போதாவது. அவுக அப்பா மீன் புடிக்கப் போன படக இலங்கை நேவி புடிச்சு மூணு மாசமாச்சு, இன்னும் யாழ்ப்பாணம் ஜெயில்லதான் இருக்காரு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் காவல நீட்டிட்டே போறாக. அம்மா வெள்ளென எந்திரிச்சு விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு கடல்பாசி எடுக்கப் போயிரும், வீடு திரும்ப மத்தியானம் தாண்டிரும். பையன் நல்லாப் படிச்சவன், இப்ப கிளாஸ்ல தலையக் கவுத்துப் படுத்தே கெடக்கான், யார்ட்டயும் பேசுறதில்ல.

போன வாரம் என் மக கணக்குப் பாக்க அவன் நோட்ட வாங்கியாந்தா. கடைசிப் பக்கம் பூராம் ஒரே நம்பர், அவுக அப்பா போன படகோட நம்பர். மேல இருந்து கீழ வரைக்கும் எழுதிருக்கான், சில எடத்துல பேனா அழுத்தி தாளே கிழிஞ்சிருக்கு. பாத்ததும் எனக்குக் கை நடுங்கிருச்சு.

ஸ்கூல்ல சொன்னேன். கூப்புட்டு "ஆம்பளப் புள்ள தைரியமா இருக்கணும், நல்லாப் படி"ன்னு சொல்லி அனுப்பிட்டாக. அவுக நல்ல மனசோடதான் சொன்னாக, ஆனா அந்தப் புள்ள அதுக்கப்புறம் இன்னும் சுருங்கிப் போனான். வருசத்துக்கு ஒரு தடவ யாராவது வந்து மைக் புடிச்சு மொத்த ஸ்கூலுக்கும் மனநலம்னு ஒரு மணி நேரம் பேசிட்டுப் போறாக, அத்தோட சரி. எங்களுக்கு வேண்டியது வாராவாரம் வந்து தனியா ஒக்காந்து பேச ஒரு ஆளு. இதுக்கு யார்ட்ட மனு குடுக்கணும்? கேட்டா கெடைக்குமா?

தொண்டி டீச்சர்:
அக்கா, நீங்க எழுதுனதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், ஏன்னா "தைரியமா இரு, நல்லாப் படி"ன்னு நானும் சொல்லியிருக்கேன். எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு தினமும் ரெண்டாவது பீரியட்ல வயித்து வலின்னு சொல்லும், படிக்காம ஏமாத்துதுன்னே நெனச்சிட்டேன். பல மாசம் கழிச்சுத்தான் வீட்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுது. புள்ளைங்களுக்கு மனசுல இருக்குற வலி தலைவலியாவும் வயித்து வலியாவும் எரிச்சலாவும் வெளிய வரும்னு அப்புறம் ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பி.எட்.ல படிச்சது பரிச்சைக்கு எழுதுனதோட போயிருச்சு.

அம்பது புள்ளைங்க, எமிஸ்ல ஆன்லைன் பதிவு, நோட்டு திருத்துறதுன்னு நாள் ஓடிருது, அதுக்கு நடுவுல கவுன்சிலர் வேலையும் டீச்சரே பாக்கணும்னா முடியாது, பாக்கவும் கூடாது, மார்க் போடுற கையில போயி எந்தப் புள்ள மனசத் தொறக்கும்? ஒண்ணு மட்டும் செஞ்சோம். புள்ளைங்க மனசுல உள்ளத எழுதிப் போடுற 'மாணவர் மனசு' பெட்டி ஹெச்எம் ரூம் வாசல்ல இருந்துச்சு, அங்க போயி சீட்டுப் போட யாருக்குத் துணிச்சல் வரும், அதத் தண்ணிக் குழாய் பக்கத்துல மாத்தி வச்சோம். முதல் வாரமே சீட்டு விழ ஆரம்பிச்சுது.

சோசியல் ஒர்க்கர் ராம்நாடு:
அக்கா, கேக்குறதுக்கு இப்ப உங்க கையில பலமான ஆதாரம் இருக்கு. 2025 ஜூலை 25ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, விசாகப்பட்டினத்துல நீட்டுக்குப் படிச்சிட்டிருந்த ஒரு பொண்ணு இறந்த வழக்குல. 100 பேரும் அதுக்கு மேலயும் படிக்கிற எந்தக் கல்வி நிறுவனமா இருந்தாலும் தகுதியான ஒரு கவுன்சிலரோ சைக்காலஜிஸ்ட்டோ சோசியல் ஒர்க்கரோ இருக்கணும், அதுக்குக் கொறஞ்ச எண்ணிக்கைன்னா வெளிய இருக்குற மனநல ஆட்களோட முறையான தொடர்பு வச்சிருக்கணும், ஊழியர்களுக்கு வருசத்துக்கு ரெண்டு தடவையாவது பயிற்சி குடுக்கணும்னு சொல்லியிருக்கு. தனிச் சட்டம் வர்ற வரைக்கும் இதுதான் செல்லும். இத எழுதி எஸ்எம்சி தீர்மானமாப் போடுங்க, வாயால கேட்டா மறந்துருவாங்க, தீர்மான நோட்டுல ஏறுனா பதில் சொல்லியாகணும். ஒரு காப்பி சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசுக்கு, ஒரு காப்பி கலெக்டர் குறைதீர் நாள்ல.

போஸ்ட்டிங் வர நாளாகும், அதுவரைக்கும் அந்தப் பையன் காத்திருக்க முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டரும் டீமும் இருக்காங்க, ராம்நாடு ஜிஹெச்ல கேட்டா உங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்கு என்னைக்கு வர்றாங்கன்னு சொல்லுவாங்க, ஸ்கூலுக்கும் வரச் சொல்லி ஹெச்எம் லெட்டர் குடுக்கட்டும். 14416க்கு ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, அந்தப் பையனோட அம்மாவும் பேசலாம்.

முக்கியமான ஒண்ணு, அந்தப் பையன்ட்ட "சாகணும்னு தோணுதாப்பா"ன்னு நேராவே கேக்கலாம். கேட்டா அந்த நெனப்ப நாமளே விதைச்சுருவோம்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, பல புள்ளைங்க கேட்டதும் அழுது கொட்டிருவாங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, அன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. வர்ற கவுன்சிலரும் மொத நாளே புள்ளைங்கட்டச் சொல்லிரணும், நீ சொல்றது வெளிய போகாது, ஆனா உன் உசுருக்கு ஆபத்துன்னாலும் யாராவது உன்ன தப்பாத் தொட்டாலும் சொல்லித்தான் ஆகணும்னு. போக்சோ சட்டப்படி, தப்பாத் தொட்டது தெரிஞ்சும் சொல்லாம இருந்தா குத்தம்.

கீழக்கரை லாத்தா:
எங்க பக்கம் இதுக்கு மேல ஒரு சிக்கல் இருக்கு. மனசு டாக்டர்னு வாயத் தொறந்தாலே "ஏன், ஏர்வாடியில கொண்டு போயி கட்டிப் போடவா"ன்னு கேப்பாக. 2001 ஆகஸ்ட் 6ந் தேதி விடிகாலைல ஏர்வாடி தர்கா பக்கத்துல மனநோயாளிகள வச்சிருந்த காப்பகத்துல நெருப்புப் புடிச்சு, சங்கிலியில கெடந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாம செத்துப் போனாக. நான் அப்ப ஏழாவது. எங்க வாப்பா அங்க போய்ப் பாத்துட்டு வந்து ரெண்டு நாள் சோறு உங்கல. அந்தப் பயம் இன்னும் எங்க சனங்க மனசுல ஒட்டிக்கிட்டு இருக்கு.

தர்காவுக்குப் போறத நான் ஒருநாளும் தப்புன்னு சொல்ல மாட்டேன், நானே போறவ. இப்ப அங்கயே துவாவோட மருந்தும்னு அரசாங்க டாக்டர் பாக்குறாக. அதனால கவுன்சிலர் வந்தா ரூம் வாசல்ல "மனநலம்"னு போர்டு மட்டும் வைக்க வேண்டாம், அத வச்சா ஒரு புள்ள உள்ள போகாது, போன புள்ளைக்கும் பட்டப் பேரு வச்சுருவாக.

வல்லம்:
அக்கா நான் அந்தப் பையன் இடத்துல இருந்தவன். எங்கப்பாவும் உள்ள இருந்துட்டு வந்தவருதான், படகு வரல, அங்கயே அரசுடைமை ஆக்கிட்டாங்க, கடன் மட்டும் எங்க கூட. எங்கப்பாவப் பத்தி யாரும் கேக்காம இருந்தா வலிக்கும், எல்லாரும் கேட்டாலும் வலிக்கும். பிடி சார் ஒருத்தர் மட்டும் ஒண்ணும் கேக்காம பந்து வைக்கிற ரூம் சாவிய என்ட்ட குடுத்தாரு, தினமும் தொறந்து பூட்டணும். அதுக்காகவே ஸ்கூலுக்குப் போனேன்.

இன்னொண்ணு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஸ்கூல் தொறக்குற நேரம் படகு வச்சிருக்குற வீட்லயும் கூலிக்குப் போற வீட்லயும் காசு இருக்காது, பசங்க நின்னு போறது அப்பத்தான் அதிகம். கவுன்சிலர் வந்தா ஜூன்லயே வரணும். டிசம்பர்ல வந்து அப்சென்ட் லிஸ்ட்டப் பாத்து என்ன பண்றது.

கடலோரம்77:
எல்லாருக்கும் நன்றி, சாப்புடாமக் கூட உக்காந்து படிச்சேன். வெள்ளிக்கெழம கூட்டத்துல தீர்மானம் போட்டாச்சு, லாத்தா சொன்ன போர்டு விசயத்தையும் எழுதச் சொன்னேன். ஹெச்எம் மறுப்பு சொல்லல, லெட்டர் குடுத்துட்டாக. ஜிஹெச்ல இருந்து ஒரு தம்பி வந்து முக்கால் மணி நேரம் பையனோட பேசுச்சு. என்ன பேசுனாகன்னு நான் கேக்கல. சாயங்காலம் அவனே எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு "அத்தை, அந்த அண்ணன் அடுத்த வாரமும் வருவாரா"ன்னு கேட்டான். வருவாருன்னு சொல்லிட்டேன், ஆனா வாராவாரம்னு இன்னும் யாரும் உறுதி குடுக்கல, அதுக்காகத் திங்கக்கெழம நாங்க அஞ்சு பேரு கலெக்டர் ஆபீஸ் போறோம்.

பேச ரூம் இல்ல. லேபுக்குப் பின்னால ஒடஞ்ச பெஞ்சு போட்டு வச்சிருக்குற ரூம் ஒண்ணு இருக்கு, நாளைக்கு அதக் கூட்டிக் கழுவப் போறோம். சன்னல் கிரவுண்டப் பாத்து இருக்கு, வெளிய நின்னா உள்ள யாரு இருக்கான்னு தெரியும், யார்ட்டயாவது பழைய திரைச்சீல கெனமா இருந்தா சொல்லுங்க.