2016 ஆல்பங்களில் உங்களை இன்னும் விடாதது எது? (பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்று)

கடைசி ட்ராக்:
நானே ஆரம்பிக்கிறேன். வேறென்ன, இங்கிலாந்து ராக் பாடகர் டேவிட் போவியின் ‘பிளாக்ஸ்டார்’தான்.

ஜனவரி 8, வெள்ளிக்கிழமை, போவியின் 69ஆவது பிறந்தநாளில் வந்தது. ஏழே பாட்டு. ஞாயிறு ராத்திரி ஒரே மூச்சில் கேட்டுவிட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய விமர்சகன் மாதிரி எழுதினேன்: “ஜாஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சாவைப் பற்றி ஓவர் பில்டப். கடைசிப் பாட்டில் தன் 1977 ‘லோ’ ஆல்பத்தின் மவுத் ஆர்கனையே திரும்ப எடுத்து ஊதுகிறார். கைச்சரக்கு தீர்ந்துபோச்சு. ஐந்துக்கு மூன்று.”

திங்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது. பதினெட்டு மாதமாகப் புற்றுநோயாம். வெளியே யாருக்கும் மூச்சு விடாமல் ஆல்பத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி கிடையாது. குழுவில் பதினோரு பேர். ஒவ்வொருவராக நீல டிக் விழுவதைச் சோற்றில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொட்டைமாடி:
எனக்கும் அதே ஆல்பம், ஆனால் இசைத்தட்டு. முன் அட்டையில் நட்சத்திரத்தை வெட்டி எடுத்திருப்பார்களே, அது தெரிந்ததுதான். மே மாதம் வேறொன்று தெரியவந்தது: உள் அட்டையின் கறுப்பை வெயிலில் பிடித்தால் விண்மீன் கூட்டமே தெரியும். நாலு மாதம் யாரும் கவனிக்கவில்லை!

மாடிக்கு ஓடினேன். தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்கா மத்தியான வெயில்ல நிக்கிற?” என்று கேட்டுவிட்டு வடகத்தைத் திருப்பிப் போடப் போய்விட்டார். நான் வாய் பிளந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததில் தட்டைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்ததை மறந்துவிட்டேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது.

ஆறாவது தந்தி:
கடைசி ட்ராக் அண்ணே, உங்கள் மூன்று மார்க் நியாயமானது. ஆள் செத்ததால் பாட்டு நன்றாகிவிடுமா? ஞாயிறு வரை சுமாராக இருந்தது திங்களன்று எப்படிக் காவியமாகும்? செய்திதான் மாறியது, ஒலி மாறவில்லை. இதைச் சொன்னால் அடிக்க வருகிறார்கள்.

என் கதை ரேடியோஹெட், இங்கிலாந்து ராக் குழு. ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’ பாட்டை 1995இலிருந்து மேடையில் மட்டும் பாடிவந்தார்கள். ஹாஸ்டலில் நான் கிடாரில் முழுசாகக் கற்றுக்கொண்ட முதல் பாட்டு அதுதான். 21 வருஷம் கழித்து ‘எ மூன் ஷேப்ட் பூல்’ ஆல்பத்தில் ஸ்டுடியோ வடிவம் வருகிறது என்றதும் கிடாருக்குப் புதுத் தந்தி மாட்டி, சுருதி சேர்த்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. முழுக்கப் பியானோ. முடியும்வரை கை தந்தி மேலேயே இருந்தது, மீட்டத்தான் இடமில்லை.

அதைக் கடைசிப் பாட்டாக வைத்தது என்ன ஒரு முடிவு என்று உருகுகிறார்களே, அந்த ஆல்பத்தில் பாட்டெல்லாம் ஆங்கில அகரவரிசையில்தான் வருகிறது. ‘டி’ என்பதால் கடைசி. அவ்வளவுதான்.

மதுரை வெயில்:
கனடா பாடகர் லெனார்ட் கோஹன், ‘யூ வான்ட் இட் டார்க்கர்’. 82 வயதில் வீட்டுக் கூடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து பாட, மகன் ஆடம் தயாரித்தது. அக்டோபரில் வந்தது, நவம்பரில் போய்விட்டார். அப்பா அப்போது படுக்கையில். இங்கிலீஷ் பாட்டே பிடிக்காது அவருக்கு. முதல் பாட்டில் மான்ட்ரியல் யூதக் கோயில்காரர் ‘ஹினேனி’ (எபிரேயத்தில் ‘இதோ இருக்கிறேன்’) என்று இழுக்கும் இடத்தில் கண்ணைத் திறந்து, “இது எந்தக் கோயில்டா?” என்றார்.

சரி, அதை விடுங்கள். மொட்டைமாடி தம்பி, நெளிந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து மறுபடி வெயிலில் காட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். தட்டையாகும், கூடவே பள்ளங்களும் கெடும். கண்ணாடிக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றி, வெயில் படாத அறையில் சில வாரம் விடுங்கள். முழுசாகச் சரியாகாது, ஓடும் அளவுக்கு வந்தாலும் வரலாம். இனிமேல் தட்டை நிற்க வைத்து அடுக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கவே கூடாது. மேற்குப் பார்த்த சுவர் பக்கம் அலமாரி வேண்டாம். காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். துடைப்பதற்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். நடு லேபிளில் ஈரம் படவே கூடாது. காகித உறை தூசு விடும், பிளாஸ்டிக் உள்ளுறைக்கு மாற்றுங்கள். முள்ளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தேய்ந்த முள் தட்டையும் தின்றுவிடும்.

எலுமிச்சை:
மேலே எல்லாரும் ஒப்பாரி. அந்த வருஷம் உயிரோடு இருந்தவர்களும் ஆல்பம் போட்டார்கள்! பியான்சேயின் ‘லெமனேட்’.

என் அண்ணன் பழைய ராக் தவிர எதையும் பாட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். பெயர் சொல்லாமல் மூன்றாவது பாட்டை அவன் காதில் மாட்டினேன். தலையாட்டினான். “டிரம்ஸ் ஜான் போனம் மாதிரி இருக்கே” என்றான். போனமேதான், அவர் வாசித்த ராக் குழு லெட் செப்பலினின் பாட்டிலிருந்து எடுத்தது. ராக் பாடகர் ஜாக் வைட்டும் பாடுகிறார். “யாரு இந்தப் பொண்ணு? குரல் கிழிக்குதே” என்று கேட்டான். சொன்னேன். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “கொஞ்சம் இரைச்சல் ஜாஸ்தி” என்றான். இன்றுவரை அதே பேச்சுதான்.

ஆறாவது தந்தி, நீங்களும் கிடார் இல்லாத பாட்டு என்று அழுகிற ஆள்தானே? ஒலி மாறவில்லை என்று பிறருக்குச் சொல்கிறீர்கள்.

மொட்டைமாடி:
மதுரை அண்ணே, லேட். கண்ணாடி, வெயில் எல்லாம் அப்போதே செய்து பார்த்தாகிவிட்டது. வெளி ஓரத்தில் முள் இன்னும் குதிக்கிறது. உள்பக்கம் தப்பித்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் அந்த மவுத் ஆர்கன் வரும் பாட்டு மட்டும் சுத்தமாக ஓடுகிறது.