செய்தி எங்கோ பிறக்கிறது, பதில் சொல்ல வேண்டியவன் நான்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒரு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், மறு பக்கம் லீ பஜாருக்குப் போகும் மூட்டை வண்டிகள். தூசியும் இரைச்சலும் எனக்குப் பழகிவிட்டன. பழகாதது ஒன்றே ஒன்றுதான். உலகத்தின் எந்த மூலையில் எந்தத் தொழில்நுட்பச் செய்தி வெளியானாலும், முந்தைய இரவு நானே உட்கார்ந்து அதை எழுதி வெளியிட்டதுபோல, மறுநாள் காலையில் உறவினரும் வாடிக்கையாளரும் என்னிடம் விளக்கம் கேட்க வந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500 ரூபாய் நோட்டும் 1000 ரூபாய் நோட்டும் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புதிய 2000 ரூபாய் நோட்டு மக்கள் கைக்கு வந்து சேருவதற்குள்ளாகவே அதைப் பற்றிய கதை வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. அந்த நோட்டுக்குள் நானோ சிப் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறதாம். நோட்டை 120 மீட்டர் ஆழத்தில் புதைத்து வைத்தாலும் அது செயற்கைக்கோளுக்குத் தன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுமாம். சில தொலைக்காட்சிகளும் இதைப் படம் வரைந்து விளக்கின. சேலத்தின் குகைப் பகுதியில் குடியிருக்கும் என் தாய்மாமாவிடம் புதைத்து வைக்கும் அளவுக்குப் பணம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனாலும் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய முதல் 2000 ரூபாய் நோட்டை வீட்டுக்குக்கூடக் கொண்டு போகாமல் நேரே என் கடைக்கு எடுத்து வந்தார். நான் பற்றவைப்பு வேலைக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கி விளக்கின் கீழே அதை விரித்து, சிப் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார்.

நான் பொறுமையாகவே விளக்கினேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை சமிக்ஞையை அனுப்புமே தவிர, நம் கையிலிருக்கும் கருவி எங்கே இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. கருவி அந்தச் சமிக்ஞையைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அந்த இடத்தை வேறொருவருக்குச் சொல்ல வேண்டுமானால் தனியாக ஓர் அனுப்பும் கருவியும் அதற்கு மின்சாரமும் வேண்டும். இவ்வளவையும் உள்ளே வைத்தால் நோட்டு சட்டைப் பையில் மடங்காது என்று சொன்னேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நோட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தை விரலால் தட்டினார்.

“எல்லாம் சரி மாப்ளே. அப்போ எதுக்கு இங்க செயற்கைக்கோள் படம் போட்டிருக்காங்க?”

அந்த நோட்டின் பின்பக்கத்தில் மங்கள்யான் படம் அச்சிடப்பட்டிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். அது 2014 செப்டம்பரில் செவ்வாய்க் கோளின் சுற்றுப்பாதையை அடைந்த விண்கலம் என்றும், செவ்வாய்க்குப் போன கலத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையைக் கண்காணிக்க வேண்டிய தேவை இல்லை என்றும் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. நோட்டைச் சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாக மாறும் பாதுகாப்பு இழைதான் ஆண்டெனா என்று அன்று மாலைக்குள் தாமே முடிவு செய்து, அத்தை பிரியாணி கட்ட வைத்திருந்த அலுமினியத் தாளில் நோட்டைச் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2023 மே 19ஆம் தேதி, 2000 ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. மறுநாள் கடையைத் திறப்பதற்கு முன்பாகவே மாமா படியில் உட்கார்ந்திருந்தார். “சிப்புல பேட்டரி தீர்ந்து போச்சு போல, அதான் திரும்ப வாங்குறாங்க” என்றார். ஆறரை ஆண்டுகளாக அவர் என் விளக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை, தம் கதைக்கு ஒரு முடிவுக்காகக் காத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏற்காட்டிலிருந்து

செவ்வாய்ப்பேட்டை நண்பரின் மாமாவைப் படித்துச் சிரித்தேன். எங்கள் மலையில் அதே மாமா வேறு உருவத்தில் இருக்கிறார். நான் சேர்வராயன் மலையில் உள்ள ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஏரியையும் பகோடா முனையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அதற்கு அப்பாலும் ஊர்கள் உண்டு. எங்கள் ஊரில் ஒருவரோடு கைபேசியில் பேச வேண்டுமானால் காப்பித் தோட்டத்துக்கு மேலே இருக்கும் பாறை மீது ஏற வேண்டும். 2021இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் அந்தப் பாறை மேல் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் நான் அனுப்பிய பாடங்களைப் பெற்றார்கள்.

அந்த ஆண்டு மே மாதத்தில் கைபேசிக் கோபுரம் அமைக்க இடம் பார்ப்பதற்காக இருவர் வந்தார்கள். அவர்கள் அமைக்க இருந்தது 4ஜி கோபுரம். ஆனால் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. கொரோனாவே 5ஜி சோதனையால் பரவுகிறது என்ற குரல்பதிவு ஒன்று ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. சமிக்ஞையே இல்லாத ஊருக்கு அந்தக் குரல்பதிவு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சந்தைக்குப் போன ஒருவர் அதைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு வந்து வீடு வீடாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். தடுப்பூசிச் செய்திக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை.

கோயில் திட்டில் கூட்டம் கூடியது. என்னையும் அழைத்தார்கள். வைரஸ் என்பது ரேடியோ அலையில் ஏறிப் பயணம் செய்யாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது என்றேன். இந்தியாவில் 5ஜி சோதனைக்கு அனுமதி கிடைத்ததே அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் என்றும், எங்கும் சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று மே 10ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை அறிக்கை வெளியிட்டிருக்கிறது என்றும் சொன்னேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: “அப்போ இனிமேதான் தொடங்கப் போறாங்க, அப்படித்தானே டீச்சர்?” அறிக்கையின் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் என்னை வென்றுவிட்டார். கோபுரம் வந்தால் தேனீ செத்துப்போகும், தேனீ போனால் காப்பி காய்க்காது என்று இன்னொருவர் எழுந்தார். எங்கள் மலையில் பெரும்பாலும் வளர்வது அரபிகா வகைக் காப்பி; அது தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியது. அதைச் சொன்னபோது, தோட்டத்தையே மிதிக்காத வாத்தியாரம்மா காப்பியைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒரே சிரிப்பு. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

கோபுரம் அடுத்த சரிவுக்குப் போய்விட்டது. பேசுவதற்கு இரண்டு கோடு சமிக்ஞைகூடக் கிடைக்காத ஊர், ஐந்தாம் தலைமுறைக்குப் பயந்து நான்காம் தலைமுறையை அனுப்பிவிட்டது. பிள்ளைகள் குடையோடு மறுபடியும் பாறை மேல் ஏறினார்கள்.

2022 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டில் 5ஜி சேவை தொடங்கியது. அதற்கு அடுத்த கோடையில் அதே பெரியவர் பள்ளிக்கு வந்து, மைசூரில் வேலை செய்யும் பேரனோடு வீடியோவில் பேச முடியவில்லை என்று வருத்தப்பட்டு, எங்கள் ஊருக்கு 5ஜி கோபுரம் கேட்டு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். “தேனீயைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாமா ஐயா?” என்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து

நான் அம்மாப்பேட்டையில் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் அனுபவத்தில் தொழில்நுட்பச் செய்திக்குப் பிடித்த எண் 2000தான் போலிருக்கிறது. நோட்டாக இருந்தாலும் சரி, யூபிஐயாக இருந்தாலும் சரி.

2023 மார்ச் கடைசியில், 2000 ரூபாய்க்கு மேல் யூபிஐயில் செலுத்தினால் 1.1 சதவீதம் கட்டணம் என்ற செய்தி வந்தது. உண்மையில் அது முன்கூட்டியே பணம் நிரப்பி வைக்கும் வாலட்டுகளிலிருந்து வணிகர்களுக்குச் செலுத்தும் தொகைக்கானது. அதையும் வாடிக்கையாளர் தர வேண்டியதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்துவதற்கு அதனோடு தொடர்பே இல்லை. இதை நான் கல்லாவில் உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கு வைத்திருந்தால் அதுவே ஒரு பேரேடு ஆகியிருக்கும். செய்தியில் ‘ஆனால்’ என்ற சொல் கிடையாது. என் விளக்கத்திலோ மூன்று ‘ஆனால்’ வருகின்றன. கேட்பவர் முதல் ‘ஆனால்’ வந்தவுடனேயே, நான் எதையோ மறைக்கிறேன் என்று முடிவு செய்துவிடுகிறார்.

2025 ஏப்ரலில் அதே செய்தி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது: 2000 ரூபாய்க்கு மேல் யூபிஐ செலுத்தினால் ஜிஎஸ்டி. அப்படி ஒரு யோசனையே இல்லை என்று ஏப்ரல் 18ஆம் தேதி நிதி அமைச்சகம் மறுத்தது. மறுப்பு வந்த மறுநாள் ஓர் அம்மா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு 5850 ரூபாய்க்குச் சேலை எடுத்தார்; அதை 1950 ரூபாயாக மூன்று தவணையில் செலுத்துவேன் என்றார். தேவையில்லை அம்மா என்றேன். “நீங்க கடைக்காரங்க, அப்படித்தான் சொல்லுவீங்க கண்ணு” என்று அன்பாகச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். முதல் 1950ஐ ஒலிப்பெட்டி அறிவித்தது. இரண்டாவதையும் அறிவித்தது. மூன்றாவது, அவருடைய கைபேசியில் சமிக்ஞை போனதால் நடுவழியில் நின்றது. அவர் கணக்கில் கழிந்துவிட்டது, எங்கள் கணக்கில் வரவில்லை. பின்னால் நின்ற ஏழு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இல்லாத வரிக்குப் பயந்த அம்மா, இருந்த பணத்துக்காக அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீதித் தொகையைக் கையிலிருந்து ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போனார். கழிந்த பணம் மூன்றாம் நாள் அவர் கணக்குக்குத் திரும்பி வந்தது.

அதைச் சொல்ல அவரே கடைக்கு வந்தார். பணம் வந்த மகிழ்ச்சியைவிட, வரி பிடிக்கவில்லை என்ற வெற்றிதான் முகத்தில் தெரிந்தது.

சூரமங்கலத்திலிருந்து

என்னுடையது சிறியது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றுகிறது என்ற செய்தி வந்தபோது, எங்கள் குலதெய்வக் கோயில் குழுவினர் அத்தனை பேரும் ஒரே இரவில் சிக்னல் செயலிக்குக் குடிபெயர வேண்டும் என்று பெரியப்பா ஆணையிட்டார். “சிக்னலைப் பயன்படுத்துங்கள்” என்று ஈலான் மஸ்க் இரண்டே சொற்களில் எழுதியதைப் பார்த்துவிட்டு, சிக்னல் அட்வான்ஸ் என்ற தொடர்பே இல்லாத டெக்சாஸ் நிறுவனத்தின் பங்குகளை அமெரிக்கர்கள் வாங்கிக் குவித்த நாட்கள் அவை. ஆகவே நாங்கள் மட்டுமே அவசரப்பட்டோம் என்று சொல்லிவிட முடியாது. புதிய குழுவில் மொத்தம் நான்கு பேர் சேர்ந்தோம். பொங்கல் வாழ்த்துப் படங்கள் எல்லாம் பழைய குழுவிலேயே வந்துகொண்டிருந்ததால், பெரியப்பா எட்டாம் நாள் யாரிடமும் சொல்லாமல் அங்கே திரும்பிப் போய் ஒரு கரும்புப் படம் போட்டார். நான் இன்னும் இரண்டிலும் இருக்கிறேன். சிக்னல் குழுவை யார் கலைப்பது என்று தெரியவில்லை.

மறுபடியும் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

மூவருக்கும் நன்றி. அம்மாப்பேட்டைக்காரர் எழுதிய ‘ஆனால்’ கணக்கைப் படித்ததும் என் கடையில் நடந்த இன்னொன்று நினைவுக்கு வந்தது.

கணினியை இயக்கும் விண்டோஸ் 10 மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்ற செய்தி பல மாதங்களாகவே வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவின் கொலுசுப் பட்டறை உரிமையாளர் அதைக் கவனித்தது அக்டோபர் 10ஆம் தேதி. எத்தனை கிராம் வெள்ளி கூலிக்குப் போனது, எத்தனை கிராம் கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் அவருடைய பழைய கணினியில்தான் இருக்கிறது. 14ஆம் தேதி நள்ளிரவில் கணினி தானாக நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நிற்காது அண்ணே, வழக்கம்போல ஓடும் என்றேன். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. ஆனால் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டுக்கு, 2026 அக்டோபர் வரை, அவையும் வரும். ஆனால் அந்தப் பழைய கணினியின் நுண்செயலியில் (பிராசஸரில்) விண்டோஸ் 11 ஏறாது என்பதால் அதற்குள் வேறு கணினியைப் பற்றி யோசிக்க வேண்டும். சொல்லி முடித்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன், சரியாக மூன்று. “அப்போ நிக்கும்ங்கிற?” என்றார்.

மூன்று நாள் அவரும் மகனும் உட்கார்ந்து, கணக்கு முழுவதையும் நீள நோட்டில் கையால் எழுதினார்கள். மகன் இதுதான் சமயம் என்று ஒரு புதிய மடிக்கணினிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டான். 15ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு என் கைபேசி ஒலித்தது. பட்டறைக்காரர்தான்.

“என்ன தம்பி, இது ஓடுதே!” என்றார். அவ்வளவு வருத்தமான குரலில் ஒரு கணினி நல்லபடியாக இருப்பதாக என்னிடம் இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.