என்-வகை சிலிக்கானுக்கு எதிர் மின்னூட்டம் உண்டா?

கேள்வி (பிளஸ் டூ மாணவி)
பாஸ்பரஸ் சேர்த்த என்-வகைச் சிலிக்கானில் மின்சாரத்தைக் கடத்துவதில் எலக்ட்ரான்கள்தான் பெரும்பான்மை. அப்படியானால் அந்தச் சிலிக்கான் துண்டுக்கே எதிர் மின்னூட்டம் இருக்க வேண்டாமா? நடுநிலை என்று விடை போட்டிருக்கிறார்கள். அப்புறம், பாஸ்பரஸ் சேர்த்தால் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத, நேர் மின்னூட்டம் போல நகரும் காலி இடங்கள்) ஏன் குறைகின்றன? துளைகளை யாரும் எடுக்கவில்லையே?

பதில் (இயற்பியல் லேப் ஆசிரியர்)
நடுநிலைதான்மா. நாம் சேர்ப்பது தனி எலக்ட்ரானை அல்ல, முழு அணுவை. பாஸ்பரஸில் 15 புரோட்டான், 15 எலக்ட்ரான். வெளிக்கூட்டின் ஐந்தில் நான்கு, பக்கத்துச் சிலிக்கான்களோடு பிணைந்துவிடும். ஐந்தாவதை விடுவிக்க 0.045 எலக்ட்ரான் வோல்ட் போதும். அறை வெப்பத்திலேயே கழன்றுவிடும். அது திரியப் போகும், பாஸ்பரஸ் நேர் அயனியாக அங்கேயே நிற்கும். கணக்கு சரியாகிவிட்டதா?

துளை விஷயத்தை எண்ணில் பார். தூய சிலிக்கானில் அறை வெப்பநிலையில் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10¹⁰ எலக்ட்ரான், அதே அளவு துளை. அதில் 10¹⁶ பாஸ்பரஸ் சேர். 50 லட்சம் சிலிக்கானுக்கு ஒன்றுதான்! எலக்ட்ரான் பத்து லட்சம் மடங்கு கூடியதால், வெப்பத்தால் பிறக்கும் துளை உடனே ஒரு எலக்ட்ரானிடம் மாட்டி மறைந்துவிடும். இரண்டின் பெருக்கற்பலன் மாறாது: 10²⁰. அதனால் துளைகள் வெறும் 10⁴.

மாணவி
நன்றி சார். அயனி நிற்கிறது, எலக்ட்ரான் ஓடுகிறது என்பதைச் செய்து பார்க்க வழி உண்டா?

லேப் ஆசிரியர்
உண்டு, எனக்கு மிகப் பிடித்த சோதனை அது. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, இரண்டு முனைகளையும் வேஃபர் (மெல்லிய சிலிக்கான் தகடு) துண்டில் அழுத்து. சிவப்பு முனையை மட்டும் சால்டரிங் அயர்னால் சூடாக்கு. என்-வகை என்றால் மீட்டர் நேர் மதிப்பு காட்டும். சூடான இடத்து எலக்ட்ரான்கள் குளிர்ந்த பக்கம் பரவ, நகர முடியாத நேர் அயனிகள் பின்தங்குகின்றன. போரான் சேர்த்த பி-வகையில் பரவுவது துளைகள். குறி மைனஸ் ஆகிவிடும்.

இன்னொரு பதில் (எலக்ட்ரானிக்ஸ் என்ஜினியர்)
கடையில் வாங்கும் டையோடில் இதைச் செய்ய வேண்டாம். அதற்குள் பி, என் இரண்டும் ஒட்டியே இருக்கும், சிலிக்கானை நேரடியாகத் தொடவும் முடியாது. கல்லூரி லேபில் உடைந்த வேஃபர் துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.