ரோட்டாக்ஸ் 503: இரு சிலிண்டர்களின் ஈஜிடியில் (எக்ஸாஸ்ட் வாயு வெப்பநிலையில்) 60 டிகிரி வேறுபாடு, கார்புரேட்டரைத் தொடலாமா?

கப்பலூர் பட்டறை:
வணக்கம். நாங்களே கட்டிவரும் ஒற்றை இருக்கை விமானத்திற்கான ரோட்டாக்ஸ் 503 எஞ்சினை, கப்பலூர் தொழிற்பேட்டையில் உள்ள நண்பரின் பட்டறையில் இரும்புச் சட்டத்தில் பூட்டி, புரொப்பல்லருடன் தரையில் ஓட்டிப் பார்த்துவருகிறோம். (பறப்பதற்கு விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ தரும் அனுமதி வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் இரு கிளைகளிலும் ஆளுக்கொரு கே வகை தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் புரோப்) வைத்திருக்கிறோம். நிமிடத்திற்கு 5,000 சுற்றில் புரொப்பல்லர் பக்கச் சிலிண்டர் 540 டிகிரி செல்சியஸும், மேக்னட் பக்கச் சிலிண்டர் 600 டிகிரியும் காட்டுகின்றன. சிலிண்டர் தலையின் வெப்பம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. பிளக்குகளும் ஒரே பழுப்பு நிறம். மேக்னட் பக்கக் கார்புரேட்டரில் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கிக் கலவையில் பெட்ரோலைக் கூட்டிச் செறிவாக்கி, வெப்பத்தைக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? இன்னொன்று: புரொப்பல்லர் பக்க புரோபின் வயர் மீட்டர்வரை எட்டாததால், டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய சாதாரணச் செம்பு வயரைக் கூட்டி இழுத்திருக்கிறோம்.

புதூர் லேத்:
கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் இரு புரோப்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். கூடுதல் வெப்பம் புரோபுடன் சேர்ந்து இடம் மாறினால் கோளாறு புரோபில்; அதே சிலிண்டரில் நின்றால் எஞ்சினில். அத்துடன் துளையிட்ட தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இந்த எஞ்சினுக்கு பிஸ்டன் பக்கச் சுவரிலிருந்து 100 மில்லிமீட்டர் என்பதே கணக்கு. ஒரு கிளையில் துளை தள்ளியிருந்தாலும், புரோபின் முனை வாயுவோட்டத்தின் நடுவே நிற்காமல் குழாய்ச் சுவரை ஒட்டி நின்றாலும், எஞ்சின் நலமாக இருக்கும்போதே அளவு மாறித் தெரியும்.

திருப்பரங்குன்றம் எலக்ட்ரானிக்ஸ்:
இடம் மாற்றும் சோதனை நல்லதுதான். ஆனால் செம்பு வயரும் புரோபுடன் சேர்ந்தே போனால், தவறு புரோபிலா வயரிலா என்பது அப்போதும் தெரியாது. கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது என்று கருதுகிறேன்.

தெர்மோகப்பிள் வெப்பநிலையை நேராக அளப்பதில்லை; சூடான முனைக்கும், அதன் உலோக இழைகள் முடிகின்ற இடத்திற்கும் உள்ள வேறுபாட்டை, கே வகையில் டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் என்ற அளவில் தருகிறது. இழைகள் தன் முனையத்தில் முடிவதாக எண்ணிக்கொண்டு, மீட்டர் தன்னிடமுள்ள வெப்பத்தை அதனுடன் கூட்டிக் காட்டும். உங்கள் இணைப்பிலோ இழைகள் எஞ்சினுக்கு அருகில், செம்பைத் தொடும் இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. அந்த இடம் 90 டிகிரியும் மீட்டர் 40 டிகிரியும் என்றால், அளவு 50 டிகிரி குறைந்தே தெரியும். ஆகவே மேக்னட் பக்கம் சூடாக ஓடுகிறது என்பதைவிட, புரொப்பல்லர் பக்கம் குறைத்துக் காட்டப்படுகிறது என்பதே பொருத்தம். நீங்கள் கவலைப்படாத சிலிண்டரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்: அதன் உண்மை வெப்பம் 590-ஐ நெருங்கியிருக்கலாம், மேல் எல்லையோ 650.

கே வகைக்கென்றே விற்கும் நீட்டிப்பு வயரை வாங்குங்கள். அமெரிக்க முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. நம் எலக்ட்ரீசியன்கள் கைப்பழக்கத்தில் சிவப்பை நேர்முனையில் மாட்டிவிடுவார்கள். ஐஇசி என்ற சர்வதேச முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். நீட்டிப்பு வயரின் நேர், எதிர் இழைகளை மாற்றி இணைத்துவிட்டால், பிழை செம்பு வயரால் வருவதைப்போல் இரு மடங்காகும். அளவும் கூடிக் குறைந்து வழக்கம்போலவே நகர்வதால் எளிதில் சந்தேகம் வராது.

திருமங்கலம் டூஸ்ட்ரோக்:
மேலே சொன்னது சரி. வயரைத் திருத்திய பின்பும் வேறுபாடு 25 டிகிரியைத் தாண்டினால், கார்புரேட்டர் ரப்பர் பிளேஞ்சில் காற்று புகுகிறதா என்று பாருங்கள்; புகுந்தால் கலவை மெலிந்து அந்தப் பக்கம் மட்டும் வெப்பம் ஏறும்.

ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அளவை எந்த நேரத்தில் முடிவு செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். சித்திரை மதியம் 39 டிகிரியில் சரியாக அமைந்த கலவை, மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு வரும்போது, காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 6 சதவீதம் கூடுவதால் மெலிந்துவிடும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருப்பதும் கலவையை அதே பக்கம்தான் தள்ளும். ஆகவே குளிர்ந்த அதிகாலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தரையில் நின்று ஓடும் புரொப்பல்லருக்குப் பளு அதிகம். பறக்கும்போது அது குறைந்து, இடைப்பட்ட திராட்டிலில் ஈஜிடி மேலும் ஏறும். அதற்கும் இடம் விட்டுவையுங்கள்.

கப்பலூர் பட்டறை:
நன்றி ஐயா. கே வகை வயரை முனைமாறாமல் மீட்டர்வரை இழுத்து, அதே 5,000 சுற்றில் ஓட்டினோம்: 588, 600. கிளிப்பைத் தொடவில்லை. இரண்டும் மேல் எல்லையை நெருங்கி நிற்பதால், அடுத்து விடியற்காலையில் ஓட்டிப் பார்த்து, இரு பக்கமும் சமமாகச் செறிவூட்டுவதா என்று முடிவு செய்கிறோம்.